எட்டேகால் மாமா

தாராபுரம் பக்கம் எந்தக் கல்யாணப் பந்தியிலும் அவரைக் கண்டுபிடித்துவிடலாம். சாம்பார் வாளி வரும்போதே இலைக்குக் குறுக்கே இரண்டு கைகளையும் நீட்டி அணை கட்டியிருப்பார். "பருப்பு வேண்டாந் தம்பி, எனக்கு யூரிக் ஆசிட் இருக்குது!" யூரிக் அமிலம் இல்லாத ரத்தம் யாருக்கும் கிடையாது. ஆனால் மாமா சொல்லும்போது அது ஏதோ அவருக்கு மட்டும் பாகம் பிரித்துக் கொடுத்த சொத்து மாதிரி இருக்கும். "போன மாசம் எட்டேகால்" என்று பக்கத்து இலைக்காரரிடம் அளவையும் சொல்வார். அறிக்கையில் இருந்தது 8.2 தான். கால் சமாச்சாரம் ஆயிற்றே என்று கால் சேர்த்துக்கொண்டார். ஔவையார் நினைவுக்கு வந்தால் நான் பொறுப்பல்ல.

முதல் அடி விழுந்தது குலதெய்வத்துக்குக் கிடா வெட்டிய அன்று. பெரியவர் என்ற மரியாதைக்கு ஈரல் வறுவல் முதலில் அவர் இலைக்கு வந்தது. மச்சினன் வாங்கி வைத்த பீர் பிறகு. ராத்திரி இரண்டு மணிக்கு வலது கால் கட்டைவிரல் தக்காளிப் பழமாய் வீங்கிவிட்டது. போர்வையின் பாரம்கூடத் தாங்காது என்று, கவுட் என்கிற இதே நோயில் வாடிய ஆங்கில மருத்துவர் சைடன்ஹாம் 1683-இல் எழுதி வைத்திருக்கிறார். மாமாவுக்கு ஃபேன் காற்றே பாரம். அத்தை கட்டிலோரமாய் நடந்ததற்கே அலறினார்.

விடிந்ததும் விசாரணை. ஈரல் விடுதலை, பீர் விடுதலை. முந்தின நாள் தின்ற தட்டைப்பயறுக்குத் தண்டனை. உண்மையில் பருப்பிலும் பயறிலும் யூரிக் அமிலமாய் மாறும் பியூரின் இருந்தாலும் கவுட் நோயைக் கிளப்புவதில் அவற்றுக்குப் பெரிய பங்கில்லை. பெரும்பாலானவர்களுக்கு மூலகாரணம், யூரிக் அமிலத்தைச் சிறுநீரகம் சரியாக வெளியேற்றாதது. அதில் பரம்பரைக்கும் பங்குண்டு. தேங்கியது ஊசி ஊசியாய்ப் படிகமாகி, உடம்பிலேயே குளிர்ந்த மூலையான கால்விரலில் போய்க் குடியேறுகிறது. இதையெல்லாம் மாமாவிடம் சொல்லிப் பாருங்கள். பஸ் ஸ்டாண்டு ஓரம் ஆட்டுக்கால் சூப்பை ஊதிக்கொண்டே, "காலுக்குக் கால்தான் மாப்ள மருந்து" என்பார். பியூரின் அந்தச் சாற்றிலும் இறங்கியிருக்கும்.

டாக்டரம்மா வீக்கத்துக்கு ஒரு மாத்திரை, அது வடிந்த பிறகு தினமும் போட அலோபியூரினால் என்று எழுதிக் கொடுத்தார். அளவு 6-க்குக் கீழே இறங்க வேண்டுமாம். வலி நின்ற மறுநாளே மாமா இரண்டையும் நிறுத்திவிட்டார்.

"மழை விட்டப்புறம் குடை எதுக்குங்க அம்மிணி?"

"இது குடை இல்லைங்கய்யா, ஓடு மாத்தற வேலை. மழை இல்லாதப்பத்தான் செய்யணும்."

மாமா யோசித்தார். பத்து நாள் போட்டார். பதினோராம் நாள் விரல் மறுபடி வீங்கியது. பழைய படிகங்கள் கரையத் தொடங்கும்போது அப்படி ஒரு ஆட்டம் வருவதுண்டு. அதை அடக்கத்தான் கூடவே கோல்ச்சிசின் என்று சின்ன மாத்திரையும் கொடுத்திருந்தார்கள். "இங்கிலீஷ் மருந்து, சூடு" என்று அதை மட்டும் அலமாரியில் வைத்துவிட்டார் மாமா.

"எந்த ஊர் மருந்துங்க இது?" என்று டாக்டரம்மாவிடம் கோபமாய்க் கேட்டார்.

"உங்க காட்டு மருந்துதான். கண்வலிக் கிழங்கு போட்டிருக்கீங்களே, அந்த விதையில இருக்கறதுதான் இது."

மாமாவுக்கு மூச்சே நின்றது. மூலனூருக்குப் பக்கத்தில் இரண்டு ஏக்கரில், கம்பிப் பந்தலில் அவர் ஏற்றியிருப்பது கண்வலிக் கிழங்கு என்கிற செங்காந்தள். விடிகாலையில் ஆள் வைத்துப் பூவுக்குப் பூ மகரந்தம் தொட்டு வைத்து வளர்க்கிற பயிர். கிழங்கைத் தின்றால் சாவு என்று பேரப்பிள்ளைகளை வரப்பில்கூட விடமாட்டார்.

"அந்த விஷத்தையா எனக்குக் குடுத்தீங்க?"

"அளவோட, நான் சொல்ற மாதிரி மட்டும். நீங்களா காட்டுல பறிச்சுக் கிறிச்சு வாயில போட்றாதீங்க."

அன்று சாயங்காலம் மருந்துக்கடையில் மாமாவின் குரல் ரோடு வரை கேட்டது. அட்டையைத் திருப்பித் திருப்பி விலையைப் பார்த்துவிட்டுக் கடைப் பையனைப் பிடித்துக்கொண்டார்: "ஏந் தம்பி, எங்கிட்ட விதை வாங்க வரும்போது மட்டும் மார்க்கெட் படுத்துப் போச்சுங்கறாங்களே, அது எப்புடி?"