முப்பது விநாடி மகாகாவியம்

குறும்பட அனிமேஷன்காரரைத் தெருவில் பார்த்து அடையாளம் காண முடியாது. வீட்டுச் சமையலறையில்தான் தடயம் கிடைக்கும். சோளமாவு டப்பா காலியாக இருக்கும். கொட்டாங்கச்சிகள் அவர் மேஜை மேல் இருக்கும். வெயில் காலத்திலும் கூடத்தில் குடை விரிந்து கிடக்கும்.

"ஏன்டா, சூப்புக்கு வெச்சிருந்த சோளமாவு எங்க?"

"பனியில நடந்துட்டிருக்கும்மா."

பொய் இல்லை. சோளமாவைப் பையில் கட்டி அமுக்கினால் பனியில் கால் புதையும் ஓசை வரும். குடையைப் படபடவென விரித்து மடக்கினால் பறவை சிறகடிக்கும். கொட்டாங்கச்சிகளைத் தட்டினால் குதிரை ஓடும். ஹாலிவுட்டின் யுனிவர்சல் ஸ்டுடியோவில் ஜாக் ஃபோலே இப்படித்தான், திரையில் படம் ஓட ஓட, தானும் நடந்து காலடியோசை கொடுத்தார். நம்மவர் வீட்டில் தாத்தா படத்துக்குப் பக்கத்தில் அவர் படம்.

அப்பாவின் பகல் தூக்கத்துக்கும் மவுசு கூடிவிட்டது. அந்தக் குறட்டையின் சுருதியை இறக்கினால் டிராகன் உறுமுகிறது. ரெக்கார்டிங் களைகட்டும் நேரம் பார்த்துப் பக்கத்து வீட்டு குக்கர் மூன்று விசில் அடிக்கும். டிராகன் பாழ். "அப்பா, இன்னொரு டேக். தூங்குங்களேன்."

விநாடிக்கு 24 ஃபிரேம். 30 விநாடிக்கு 720. கதவு சாத்தும் ஓசை ஒரு ஃபிரேம் பிந்தினால் எவருக்கும் தெரியாது, முந்தினால்தான் உறுத்தும். "மின்னலுக்கு அப்புறம் இடி கேட்டே பழகின காது சார்" என்பார், கேட்காமலே.

அடுத்தது மாஸ்க். முயல் மரத்துக்குப் பின்னால் ஓட வேண்டும். மரத்தின் விளிம்பில் கோடு போட்டு, அதற்குள் வரும் முயலை மறைக்க வேண்டும். மரம் சும்மா நின்றால் ஒரே கோடு போதும். நம்மவரோ ஆடிக் காற்றில் ஆடும் மரத்தை வரைந்து வைத்திருப்பார். ஃபிரேம் ஃபிரேமாகக் கோட்டை நகர்த்தி, விளிம்புக்கு ஃபெதர் கொடுத்து மழுப்புவதற்குள் விடிந்துவிடும். முயல் மறைந்திருக்கும், வால் மட்டும் மரத்துக்கு முன்னால் ஆடிக்கொண்டிருக்கும்.

அதையும் சரிசெய்து நண்பனைக் கூப்பிடுவார்.

"மாஸ்க் தெரியுதா மச்சான்?"

"தெரியலையேடா."

"அதான்டா வேலை!" என்று துள்ளுவார். மறு நிமிஷமே முகம் வாடும். "அவ்ளோ பண்ணியிருக்கேன், ஒண்ணுமே தெரியலைங்கிறியே!"

கடைசியில் படம் குடும்ப வாட்ஸப் குழுவுக்குப் போகிறது. பெரியப்பா ஆபீஸ் மீட்டிங்கில் சத்தத்தை அணைத்துவிட்டுப் பார்க்கிறார். கட்டைவிரல் உயர்த்துகிறார். கூடவே ஒரு வரி: "படம் சூப்பர்ப்பா. ஒரு மியூசிக் போட்டிருக்கலாம்."

உங்கள் குழுவிலும் இப்படி ஒரு படம் வந்து விழும். புண்ணியமாகப் போகும், போனில் சத்தத்தைக் கூட்டி வைத்துப் பாருங்கள். ஒரு வீடே சூப் இல்லாமல் சாப்பிட்டிருக்கிறது.