பசும்புல்லும் பசையும்

சென்னைக் கடலோரத்தில் செயற்கைப் புல் விரித்திருக்கும் வாசகர்களின் கேள்விகள், இந்த வாரம்.

கே: "பராமரிப்பே தேவையில்லை" என்று சொல்லித்தானே விற்றார்கள்? (வாசகர், பெசன்ட் நகர்)

ப: வளர்க்க வேண்டாம், வெட்ட வேண்டாம் என்பதுவரை உண்மை. குளிப்பாட்டித் தலைவாரிவிட வேண்டும் என்பதைச் சொல்ல மறந்திருப்பார்கள். வாரம் ஒருமுறை தண்ணீர் பீய்ச்சுங்கள். நைலான் பிரஷ்ஷால், இழை சாய்ந்திருக்கும் திசைக்கு எதிராக வாருங்கள். கம்பி பிரஷ் வேண்டாம், சொட்டை விழும்.

கே: உப்புக் காற்றில் எங்கள் கிரில் கேட்டே துருப்பிடிக்கிறது. புல் தாங்குமா? (வாசகி, கோவளம்)

ப: இழை பெரும்பாலும் பாலிஎத்திலீன். உப்பு அதை ஒன்றும் செய்யாது. ஆனால், தரையோடு பிடித்து வைத்திருக்கும் சாதா ஆணி துருவேறித் தலை உடையும், ஓரம் தூக்கிக்கொள்ளும், யாராவது தடுக்கி விழுவார்கள். 316 தர ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் ஆணி கேட்டு வாங்குங்கள். கடலோரத்தில் புல்லுக்கு முன்னால் ஆணி, பசை, வடிகால் மூன்றும் காலைவாரும்.

கே: தவறாமல் கழுவுகிறேன். காய்ந்ததும் வெள்ளை வெள்ளையாகப் படிகிறதே? (வாசகர், நீலாங்கரை)

ப: போர் தண்ணீர்தானே? உப்பைக் கழுவ உப்புத் தண்ணீர்! கடைசி அலசலாவது நல்ல தண்ணீரில் இருக்கட்டும். படிந்துவிட்ட கறைக்கு, நிறையத் தண்ணீரில் கொஞ்சம் வினிகர் கலந்து தேய்த்து அலசுங்கள். ஐப்பசி, கார்த்திகையில் இந்த வேலையை மழை இலவசமாகச் செய்துவிடும்.

கே: இழைகளுக்கு நடுவே மணல் நிரப்ப வேண்டுமாம். எதிரிலேயே கடற்கரை இருக்க, காசு கொடுத்து வாங்குவானேன்? (வாசகர், திருவான்மியூர்)

ப: அந்த மணலில் இருக்கும் உப்பு ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும். பொடி, வடிகால் துளைகளை அடைக்கும். கிளிஞ்சல் காலைக் குத்தும். கழுவி உலர்த்திய சிலிக்கா மணல் வாங்குங்கள். கடற்கரை மணல் சுண்டல் சாப்பிட்டபடி உட்கார்வதற்கு.

கே: கார்த்திகை தீபத்தன்று அகல் கவிழ்ந்து, உள்ளங்கை அகலத்துக்குப் புல் உருகிவிட்டது. மொத்தத்தையும் மாற்ற வேண்டுமா? (வாசகி, மயிலாப்பூர்)

ப: வேண்டாம், ஒட்டுப்போடலாம். விரித்தபோது மிஞ்சிய துண்டு பரணில் இருந்தால் நீங்கள் பாக்கியசாலி. உருகிய இடத்தைத் தூக்கி, பின்பக்கத்திலிருந்து, தையல் வரிசைகளுக்கு நடுவே கத்தியை ஓட்டிச் சதுரமாக வெட்டுங்கள். மேலிருந்து வெட்டினால் நல்ல இழையும் போகும். அதே அளவில் மாற்றுத் துண்டு வெட்டும்போது, இழை சாயும் திசை பழையதோடு ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். திசை மாறினால் ஒரே பச்சை இரண்டு பச்சையாகத் தெரியும்.

அடித்தரையை நல்ல தண்ணீரில் துடைத்து நன்றாகக் காயவிடுங்கள். உப்பும் ஈரமும் இருந்தால் எந்தப் பசையும் பிடிக்காது. பிறகு இணைப்பு டேப், அதன்மேல் செயற்கைப் புல்லுக்கென்றே விற்கும் பசை, அதன்மேல் துண்டு. இழைகள் பசையில் சிக்காமல் விலக்கிவிட்டு, ஒரு நாள் முழுக்க அம்மிக்கல்லை ஏற்றி வையுங்கள். அம்மிக்கும் ஒரு வேலை கிடைத்தது. அடுத்த வருடம் அகல் வாசற்படியில் எரியட்டும்.

கே: எங்கள் நாயின் உபயத்தால் பால்கனி முழுக்க வாடை. பிளீச்சிங் பவுடர் போடலாமா? (வாசகர், பாலவாக்கம்)

ப: கூடவே கூடாது. சிறுநீரில் உண்டாகும் அம்மோனியாவோடு பிளீச் சேர்ந்தால் நச்சுவாயு கிளம்பும், வினிகரோடு சேர்ந்தாலும் அப்படித்தான். நாய் எழுந்து போனதும் தண்ணீர் ஊற்றுங்கள். மிஞ்சும் வாடைக்கு, செல்லப்பிராணிக் கடைகளில் கிடைக்கும் என்சைம் கிளீனர் போதும்.

கே: மொட்டைமாடியில் ஓரங்களை ஆணியடித்து இறுக்கிவிடலாமா? (வாசகர், அடையாறு)

ப: கீழ்வீட்டுக்காரருக்கு இலவச ஷவர் வைத்துக்கொடுக்க ஆசையிருந்தால் செய்யலாம். ஆணி, தளத்தின் நீர்க்காப்புப் பூச்சைத் துளைத்துவிடும். ஓரத்தைப் பசையால் ஒட்டுங்கள். அடியில் தண்ணீர் ஓட வழிவிடும் வடிகால் பாய் போடுங்கள். மழைநீர்க் குழாயின் வாயைப் புல்லால் மூடாதீர்கள். தேங்கிய தண்ணீர் டெங்கு கொசுவுக்கு வாடகையில்லா வீடு.

கே: செயற்கைப் புல்லின் மேல் நிஜப் புல் முளைக்கிறது! (வாசகி, கொட்டிவாக்கம்)

ப: ஒரிஜினல் தன் இடத்தைத் திரும்பக் கேட்கிறது. இழைகளுக்குள் தங்கும் தூசியில், காற்றும் காக்கையும் கொண்டுவரும் விதை முளைக்கிறது. வேர் அடிப்பாகத்தைத் துளைக்கும் முன் பிடுங்குங்கள். தூசியைக் கூட்டினால் முளைக்க இடமிருக்காது.

கே: வெறுங்காலில் புல்லில் நடந்தால் கண்ணுக்கு நல்லது என்கிறார் என் மாமியார். இதற்கும் பொருந்துமா? (வாசகி, சாந்தோம்)

ப: நிஜப் புல் தன் ஈரத்தை ஆவியாக்கிக் குளிர்ந்துகொள்ளும். பிளாஸ்டிக்குக்கு அந்த வித்தை தெரியாது. உச்சி வெயிலில் அதன் மேற்பரப்பு 60 டிகிரி செல்சியஸைத் தாண்டக்கூடும். அப்போது நடந்தால் கண்ணில் தண்ணீர் வருவது உறுதி. மாமியாரை மாலையில் அழைத்துப் போங்கள்.

கே: எப்போது தூக்கிப் போடுவது? (வாசகர், ஈஞ்சம்பாக்கம்)

ப: இழையை விரலால் தேய்த்துப் பாருங்கள். தூளாக உதிர்ந்தாலோ, அடிப்பாகம் நொறுங்கினாலோ ஒட்டுப்போடும் காலம் முடிந்தது. உதிரும் தூள் காற்றிலும் மழையிலும் கடலுக்குத்தான் போகும். ஐரோப்பிய ஒன்றியம், மைதானப் புல்லில் நிரப்பும் ரப்பர்த் துகள்களின் விற்பனைக்கு 2031 முதல் தடை விதித்திருப்பதும் இதே நுண்பிளாஸ்டிக் கவலையால்தான். நிறம் மங்கியதற்காக மாற்றாதீர்கள். உதிர ஆரம்பித்தபின் ஒரு மழைக்காலம்கூட வைத்திருக்காதீர்கள்.