கள்ளு வேண்டாம், சைக்கிளை விட்டு இறங்க மாட்டோம்!

1941-இல் மலாயாவின் கிள்ளான் வட்டாரத்து ரப்பர் தோட்டத் தொழிலாளர்கள் நீட்டிய கோரிக்கைப் பட்டியலை இன்றைய ஹெச்.ஆர். மேனேஜர் யாரிடமாவது காட்டினால், கண்ணாடியைத் துடைத்துவிட்டு இன்னொரு முறை படிப்பார். சீனத் தொழிலாளிக்குச் சமமான சம்பளம் கேட்டார்கள், சரி. பள்ளிக்கூடம், வைத்தியம் கேட்டார்கள், நியாயம். கூடவே, ‘கள்ளுக்கடையை மூடு’ என்றும் கேட்டார்கள். எனக்கு ஊற்றிக் கொடுக்காதே என்று கொடி பிடித்த ‘குடி’மக்களை வேறெங்கே பார்த்திருக்கிறீர்கள்?

பின்னணியில் இருந்தவர் ஆர்.எச்.நாதன். ‘தமிழ் நேசன்’ பத்திரிகையின் துணை ஆசிரியர், கிள்ளான் வட்டார இந்தியர் சங்கத்துக்காரர். அடுத்தவர் எழுதியதில் ஒற்றுப்பிழை தேடும் உத்தியோகம். அந்தப் பழக்கம் தோட்டத்துக்குள்ளும் கூடவே வந்துவிட்டது போலும். வெள்ளைத் துரைமார் எழுதிவைத்த விதி ஒவ்வொன்றிலும் மனுஷனுக்குப் பிழையாகவே தெரிந்தது.

கள்ளு விஷயத்தில் நிர்வாகத்தின் சாமர்த்தியத்தைக் கேளுங்கள். தோட்டத்துக் கள்ளுக்கடை லாபம் தொழிலாளர் நலனுக்கே செலவாகும் என்று ஓர் ஏற்பாடு. அதாவது, நீ குடிக்கக் குடிக்க உனக்குத்தான் நல்லது! இத்தனை தாராளமான நலத்திட்டத்தை வேண்டாம் என்றால் துரைக்குக் கோபம் வராதா?

இரண்டாம் உலகப் போர் முடிந்தபின் வடக்கே கெடாவில் இதே பல்லவியைப் பிடித்தது தொண்டர் படை என்ற அமைப்பு. ஏ.எம்.சாமி தலைமையில் அது உருவான இடம் ஹார்வர்ட். வாயைப் பிளக்காதீர்கள், பீடோங் பக்கத்து ஹார்வர்ட் ரப்பர் தோட்டத்தைச் சொல்கிறேன். சம்பளமில்லாத வேலைக்குத்தான் ஆள் அதிக மிடுக்கோடு வருவான். வாட்ஸ்அப் குரூப்பில் ‘குட்மார்னிங் படம் போடாதீர்கள்’ என்று விரட்டுகிற அட்மினை யோசித்துப் பாருங்கள். அவரிடமிருந்து போனைப் பிடுங்கிவிட்டு அணிவகுத்து நடக்கவிட்டால் தொண்டர் படை. 1947-இல் கள்ளுக்கடை மறியல் போலீஸ் மோதலாகி, பலர் ஜெயிலுக்குப் போனார்கள். குடித்துவிட்டுக் கலாட்டா செய்ததற்காக அல்ல, குடிக்கவிடாமல் கலாட்டா செய்ததற்காக!

கிள்ளானுக்குத் திரும்புவோம். நம் ஆட்களிடம் ஜம்பம் இல்லாமலா? காந்தி குல்லாவைத் தலையில் வைத்ததும் நேற்றுவரை லயத்து வாசலில் குந்தியிருந்தவர் திடீரென்று நிமிர்ந்து நடந்தார். துணித் தொப்பிதான், காற்றடித்தால் பறந்துவிடும். அதைப் பார்த்து சாம்ராஜ்யத்துக்கு வேர்த்தது.

பட்டியலில் எனக்கு ரொம்பப் பிடித்த கோரிக்கை சைக்கிள்தான். தோட்டத்தில் எழுதாத சட்டம் ஒன்று இருந்தது. செம்மண் பாதையில் மிதித்துக்கொண்டு போகும் தொழிலாளி எதிரே துரை வந்தால் இறங்கிவிட வேண்டும். துரைக்கு மட்டும் என்றால்கூடப் போகிறது என்று விடலாம். நம் நிறத்துக் கிராணிக்கும், அதாவது தோட்டக் குமாஸ்தாவுக்கும், இறங்க வேண்டும். இறங்கி, ஹேண்டில்பாரைப் பிடித்தபடி நின்று, ஐயா தாண்டிப் போனபின் ஏறலாம். சூரியன் மறையாத சாம்ராஜ்யத்தின் கௌரவம், ஒரு பால்வெட்டுக்காரரின் சைக்கிள் சீட்டில் போய் உட்கார்ந்திருந்தது! ‘இனி இறங்க மாட்டோம்’ என்று எழுத்திலேயே கொடுத்தார்கள். சம்பளம் கூடக் கேட்டதைவிட இதுதான் துரைமாருக்குச் சுருக்கென்றிருக்கும் என்பது என் கணிப்பு.

மே மாதம் நாதனைக் கைது செய்தார்கள். பிறகு நாடு கடத்தினார்கள். வேலைநிறுத்தம் பரவியது. சிலாங்கூரில் அவசரநிலை அறிவித்து, இந்திய ராணுவச் சிப்பாய்களையே கொண்டுவந்து இறக்கினார்கள். துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர்கள் செத்தார்கள். இந்த ஒரு பத்தியில் வேடிக்கை எதுவும் இல்லை.

தோட்டத்தில் பழையபடி ஒழுங்கு திரும்பிவிட்டது என்று துரைமார் நிம்மதியாக விஸ்கி ஊற்றிக்கொண்டிருக்க வேண்டும். (கள்ளுதான் தப்பு, விஸ்கி நாகரிகம்.) ஏழே மாதம். டிசம்பர் 8-இல் கோத்தா பாருவில் ஜப்பானியர் வந்திறங்கினார்கள். அவர்களில் ஆயிரக்கணக்கானோர் தெற்கே பாய்ந்தது எதில் என்று நினைக்கிறீர்கள்? சைக்கிளில்! டயர் வெடித்தால் ஒட்டுப்போட நிற்கவில்லை, வெறும் ரிம்மிலேயே கடகடவென்று உருட்டினார்கள். ராத்திரியில் அந்தச் சத்தத்தை டாங்கி என்று நினைத்து எதிரணி நடுங்கியதாகச் சொல்வார்கள். 1942 ஜனவரி 11-இல் கோலாலம்பூர் வீழ்ந்தது. வழியில் ஒருவர்கூட மரியாதைக்காகச் சைக்கிளை விட்டு இறங்கவில்லை. இறங்கச் சொல்ல துரைமாரும் அங்கே இல்லை. காரில் ஏறி சிங்கப்பூர் பக்கம் போய்விட்டிருந்தார்கள்.