பழி சுமக்கும் கார்புரேட்டர்

பழைய கார் வைத்திருப்பவனுக்கு எந்தச் செல்வம் குறைந்தாலும் ஆலோசனைச் செல்வம் குறைவதில்லை. வண்டி மேட்டில் ஏறும்போது இரண்டு தடவை செருமிவிட்டு நின்றுவிட வேண்டியதுதான். பால்காரர், இஸ்திரி போடுகிறவர், ஆயுளில் சைக்கிளைத் தவிர வேறொரு வாகனத்தைத் தொட்டறியாத எதிர்வீட்டு மாமா ஆகிய சகலரும் ஏகமனதாக, "கார்புரேட்டரில் அடைப்பு" என்று தீர்ப்புக் கூறிவிடுவார்கள். இந்தத் தீர்ப்பின் மேல் அப்பீல் கிடையாது.

கார்புரேட்டர் இப்படி ஜன்மாந்தரப் பழி சுமப்பதற்கு அதன் குணம் காரணமன்று. அது இருக்கும் ஸ்தானமே காரணம். பானெட்டைத் தூக்கியதும் கண்ணில் படுகிறது. பெட்ரோல் வாசனை வீசுகிறது. போதாததற்கு, ஸ்குரூ டிரைவர் வைத்திருக்கும் எந்த மனிதனுக்கும் சபலத்தை உண்டாக்கும்படியான ஒரு திருகாணியையும் பகிரங்கமாக வைத்துக்கொண்டிருக்கிறது. மெய்யான குற்றவாளியோ பெரும்பாலும் இரண்டு முழம் தள்ளி, மெக்கானிக்குகள் டெல்கோ என்று சொல்லும் டிஸ்டிரிபியூட்டரின் பேக்கலைட் மூடிக்குள், ஐந்து ஒயர்களைத் தலையில் தாங்கியபடி பரம சாதுவாக உட்கார்ந்திருக்கும்.

என்னுடைய வண்டி மாரிஸ் மைனர், 948 சி.சி. எஞ்சின். அலெக் இஸிகோனிஸ் என்ற நிபுணர் அதை வடிவமைத்தபோது மாதிரி வண்டி மிகவும் ஒடுங்கித் தோன்றவே, அதை நீளவாக்கில் இரண்டாக அறுத்து, நடுவே நாலு அங்குலம் இடைவெளி விட்டுப் பார்த்துத் திருப்தியடைந்தாராம். 1948-ஆம் வருஷம் லண்டன் கண்காட்சியில் அது வெளிவந்தது. அந்த நாலங்குலத் தாராளத்தின் அடையாளம் பானெட்டின் நடுவில் தட்டையான பட்டையாக இன்றும் ஓடுகிறது. ஆனால் அந்தத் தாராளம் டெல்கோவுக்குள் செல்லுபடியாகாது. அங்கே கணக்கெல்லாம் அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு.

உள்ளே இருக்கும் பாயிண்ட் என்னும் இரு சிறு உலோகக் குமிழ்கள் சேரும்போது காயிலில் மின்சாரம் ஓடுகிறது. பிரியும் க்ஷணத்தில் பன்னிரண்டு வோல்ட் பல்லாயிரம் வோல்ட்டாக விசுவரூபம் எடுத்துப் பிளக்குக்குப் பாய்கிறது. அதை ரோட்டர் பங்கிடும் முறைதான் விசித்திரம். பந்தியில் பரிமாற வந்தவர் முதல் இலைக்குச் சாம்பார் ஊற்றிவிட்டு, இரண்டாவது இலைக்காரரைக் கண்ணெடுத்தும் பாராமல் மூன்றாவதற்கும் நான்காவதற்கும் போய், கடைசியில்தான் இரண்டாவதற்குத் திரும்புவாரேயானால் கல்யாண வீட்டில் என்ன ரகளை நடக்கும்? எஞ்சினில் அந்த 1-3-4-2 வரிசைதான் சமாதானத்தைக் காக்கிறது. நிமிஷத்துக்கு 3000 சுற்று ஓடும் வேளையில் விநாடிக்கு 100 தடவை இந்த விநியோகம் நடைபெறுகிறது என்பதை எண்ணிப் பார்த்தால், வண்டி எப்போதாவது நிற்பதைக் காட்டிலும் எப்போதும் ஓடுவதே ஆச்சரியம்.

புதுப்பேட்டைப் பக்கம் நெடுங்காலம் தொழில் பார்த்துத் தலை நரைத்த ஒரு பாய்தான் எனக்கு வைத்தியர். வண்டி மிஸ்ஸிங் அடிக்கிறது என்று சொல்லி, ஊர்வாயை நானும் அனுசரித்து, "கார்புரேட்டராக இருக்குமோ பாய்?" என்று கேட்டேன். அவர் பீடியை அணைத்துவிட்டு, "மொதல்ல நெருப்பு, அப்புறம்தான் எண்ணெய், சார்" என்றார். மூடியை எடுத்து, பாயிண்டை விரித்துக் காட்டினார். ஒரு குமிழில் ஊசிமுனைக் குழி. எதிர்க்குமிழில் அதற்கு இணையான சாம்பல் நிறக் கொப்புளம். "இது கண்டென்சர் செய்த வேலை" என்றார். பளபளவென்ற டப்பாவில் புதிதாக வாங்கிப் போட்ட கண்டென்சர் அது. வாங்கிய கடையின் பெயரை நான் இங்கே எழுதப் போவதில்லை. பாய் தம் பெட்டியின் அடியிலிருந்து அழுக்கேறிய பழைய கண்டென்சர் ஒன்றை எடுத்துப் பூட்டினார். வயோதிகம் வயோதிகத்தையே நம்பும் போலும்.

பிறகு பாயிண்டை உப்புத்தாளால் தேய்த்து, ஸ்டார்ட்டிங் ஹேண்டிலைப் போட்டு என்னைச் சுற்றச் சொல்லி, பாயிண்ட் முழுக்கத் திறந்த நிலையில் இடைவெளி வைத்தார். கல்யாணப் பத்திரிகையின் ஓரத்தைக் கிழித்து அளவு வைக்கும் சம்பிரதாயம் அவரிடம் கிடையாது. ஃபீலர் கேஜில் பதினைந்து என்று பொறித்த தகடுதான், அதாவது 0.38 மில்லிமீட்டர். இடைவெளி மாறினால் டைமிங்கும் மாறிவிடும் ஆதலால், அதன் பிறகே சிறு பல்பு ஒன்றைக் கோத்து, பாயிண்ட் பிரியும் க்ஷணத்தில் அது எரிவதைப் பார்த்து டைமிங்கை நிலைநிறுத்தினார். டைமிங் மாறினால் ஐட்லிங்கும் மாறும். ஆகவேதான் கார்புரேட்டர் கடைசி. இந்தக் கிரமத்தைத் தலைகீழாகச் செய்கிறவர்கள் செய்ததையே மறுபடியும் செய்துகொண்டு சுகமாகக் காலம் கழிக்கலாம்.

மைனரின் எஸ்.யூ. கார்புரேட்டரைக் கண்டுபிடித்தவர் ஸ்கின்னர் என்னும் ஆங்கிலேயர். பாதரட்சை வியாபாரக் குடும்பத்தவர். ஆதியில் அதற்குள் தோல் துருத்தி இருந்ததாகச் சொல்வார்கள்; குலத்தொழில் லேசில் விடுமா? பின்னால் அது உலோகப் பிஸ்டனாயிற்று. எஞ்சின் உறிஞ்சும் அளவுக்கு ஏற்பப் பிஸ்டன் எழும்புகிறது. அதில் தொங்கும் கூர்ந்த ஊசியும் கூடவே எழும்பி, ஒரே ஜெட்டிலிருந்து வேண்டிய மட்டும் பெட்ரோலை விடுகிறது. பாய் எஞ்சினைச் சூடாக ஓடவிட்டுப் பிஸ்டனை நெல்மணி அளவுகூட இல்லாமல் தூக்கி, காதைச் சாய்த்துக் கேட்டார். வேகம் ஏறி ஏறியபடியே நின்றால் பெட்ரோல் அதிகம்; எஞ்சின் அணையப் பார்த்தால் குறைவு; இலேசாக ஏறி இறங்கினால் சரி. எங்கள் வண்டி அணையப் பார்த்தது. அடியிலிருந்த ஆறுமுக நட்டை ஒரே ஒரு முகம் இறக்கினார். மிஸ்ஸிங் முன்பே போயிருந்தது. இப்போது சத்தமும் சீராயிற்று.

அந்த ஒரு முகத்தைத் திருப்பிய சமயத்தில்தான் எதிர்வீட்டு மாமா காபி டம்ளருடன் வெளியே வந்தார். "நான் அப்பவே சொன்னேனா இல்லையா, கார்புரேட்டர்தான்னு!" என்று தெருவுக்கே கேட்கும்படி முழங்கினார். பாய் கையைப் பஞ்சு வேஸ்டில் துடைத்துக்கொண்டே, "நீங்க சொன்னா சரியாத்தானுங்க இருக்கும்" என்றார்.

மறுவாரம் மாமாவின் மருமகனுடைய பழைய ஸ்கூட்டர் மக்கர் செய்தது. அதன் கார்புரேட்டர் காலைப் பேப்பரின் மேல் அக்குவேறு ஆணிவேறாகப் பரப்பப்பட்டிருந்தது. மாமா நாற்காலி போட்டு மேற்பார்வை செய்துகொண்டிருந்தார்; பிளக்கை மட்டும் யாரும் கழற்றிப் பார்க்கவில்லை.