மாப்பிள்ளையோட மைக் கணக்கு

வா மாப்ள, உக்காரு. இப்படி வெளிச்சத்துக்கு வந்து உக்காரு, தூண் நிழல்ல ஒளியாத. ம்ம்... மீசை கருகருன்னுதான் இருக்கு. போன வாரம் தும்பைப்பூவாக் கெடந்த மீசை, இன்னைக்குக் காவக்காரச் சாமிக்கே ஒரு சோடி கடன் குடுக்கும்போல!

வெக்கப்படாத. மாப்பிள்ளைன்னா 'வாங்க போங்க'ன்னுதான் பேசணும். ஆனா அழகர் ஆத்துல எறங்குறப்ப ஒன்னையத் தோள்ல தூக்கிக்கிட்டு வைகைக் கரையில நின்னவன் நான். அன்னைக்கு நீ என் வேட்டியில என்ன செஞ்சேங்கிறத இப்ப சொன்னா ஒன் பேரப்புள்ளைக சிரிக்கும். அதனால தாய்மாமன் வாய்க்குக் கொஞ்சம் சலுகை உண்டு.

ஒன் சிக்கனத்த நான் பழிக்கல. தேஞ்சுபோன சோப்புத் தகட்டப் புதுச் சோப்பு முதுகுல ஒட்ட வைக்கிறவன் நீ. பேஸ்ட்டு டியூப்பக் கத்திரிக்கோலால வகுந்து வழிச்சு எடுக்குறவன். ஊர்க்காரன் கல்யாணப் பத்திரிகைக்குப் பின்பக்கந்தான் ஒனக்கு மளிகைச் சீட்டு. கூட்டுறவுச் சங்கத்துல பைசா பைசாவா எழுதிப் பழகுன கை. அந்தக் கையாலதான ரெண்டு புள்ளைகளையும் ஒருத்தன்கிட்டயும் கடன் சொல்லாமக் கரையேத்துன. அதச் சந்தையில நாலு பேருகிட்ட நானே பெருமையாச் சொல்லியிருக்கேன்.

அப்பேர்ப்பட்ட மனுசன் மாசம் ஒருக்கா சலூன் படி ஏறுறான்னா சேதி இருக்குல்ல? முடி வெட்டி, சவரம் பண்ணி, படிகாரக் கல்லத் தேச்சு, எரியுற கன்னத்தத் தடவிக்கிட்டே ஓசிப் பேப்பர் படிச்சு முடிச்சு, அதுக்கப்புறம் மடியில இருந்து மைப் பாக்கெட்ட எடுக்குறியாம். பாக்கெட்டு வெளிக்கடையில வாங்குனது. பூசுறதுக்கு மட்டும் தனிக்கூலின்னு பேரமாம். சலூன்காரன் என்கிட்டச் சொல்லிச் சொல்லிச் சிரிச்சான்.

பாக்கெட்டுன்னதும் ஞாபகம் வருது. கடலூர்ல சின்னி கிருஷ்ணன்னு ஒருத்தரு இருந்தாரு. வசதிக்காரன் பாட்டில்ல வாங்குறத ஏழைபாழையும் வாங்கட்டும்னு ஷாம்பு, பவுடருன்னு சின்னச் சின்னப் பாக்கெட்டுல அடச்சு வித்த மனுசன். அவரு மகன் ரங்கநாதன் 1983ல தனியாக் கம்பெனி போட்டு சிக் ஷாம்பு கொண்டாந்தாரு. காலிப் பாக்கெட்டுகளக் கொண்டாந்து குடுத்தா புதுப் பாக்கெட்டு சும்மாவே தர்றோம்னும் ஒரு சமயம் அறிவிச்சாரு. அப்ப நீ எளவட்டம். பம்புசெட்டுல குளிச்சவுக வீசிட்டுப்போன காலிப் பாக்கெட்டையெல்லாம் பொறுக்கித் துண்டுல முடிஞ்சுக்கிட்டுக் கடைக்கு ஓடுனியே, நான் வரப்புல நின்னு பாத்துக்கிட்டுத்தான் இருந்தேன். அழகும் வேணும், காசும் போகக் கூடாது. ஒனக்கு அது அப்பவே வந்த வியாதி.

நல்ல வியாதிதான், இருந்துட்டுப் போகட்டும். ஆனா செய்யிறதச் சரியாச் செய்யி. பூசிக்கிட்டது போக மிச்ச மையக் கொட்டாங்குச்சியில மூடி அடுத்த மாசத்துக்குன்னு எடுத்து வச்சியாமே? அட கிறுக்குப்பயலே! கலக்குன சாயம் காத்துப்பட்டா அதுபாட்டுக்குக் கறுத்து முடிஞ்சுரும். அப்புறம் முடியில எங்க ஏறும்? கொட்டாங்குச்சிதான் எளமையா இருக்கும்.

இன்னொண்ணு. அந்த மையில சேக்குற மருந்து சில பேரு ஒடம்புக்கு ஆகாது. மூஞ்சி வீங்கி, கண்ணு இடுங்கிப் போனவுகளும் இருக்காக. மொதல்ல காதுக்குப் பின்னாடி துளி தடவி 48 மணி நேரம் பாருன்னு பாக்கெட்டுலயே போட்டிருக்கு. எம்ஆர்பிய மட்டும் கண்ணாடி போட்டுப் படிக்கிற நீ, அதையும் படி. ரெண்டு நாளு காத்திருக்கக் காசு ஒண்ணும் ஆகாது. 'கருப்பு மருதாணி, சுத்த மூலிகை'ன்னு எவனாச்சும் நீட்டுனாலும் மயங்காத. மருதாணி செவக்குமே ஒழியக் கறுக்காது. அதுமட்டும் தனியா ஒரேயடியாக் கறுத்துச்சுன்னா உள்ள வேற சரக்கு கலந்திருக்குன்னு வச்சுக்க. அந்தக் காலத்துல மருதாணிய அரச்சுப் பூசி, அலசிட்டு, அதுக்கு மேல அவுரி இலைப்பொடியக் குழைச்சுப் பூசுவாக. நல்லாவே கறுக்கும். திண்டிவனம் பக்கம் இன்னைக்கும் அவுரி போடுறாக. என்ன, அரைநாளு ஆகும். ரிட்டையரான ஒனக்கு எந்தக் கலெக்டரு காத்துக்கிட்டு இருக்காரு?

எதப் பூசுனாலும் முடி மாசத்துக்கு ஒரு சென்டிமீட்டரு வளரும் மாப்ள. பத்து நாளுல வேரு வெள்ளையா எட்டிப் பாக்கும். நீ போட்ட காசு அம்புட்டுத்தான்.

இத எதுக்குச் சொல்றேன்னா, போன தையில என் மக ஒன்கிட்ட ரெண்டு முழம் மல்லி கேட்டாளாமே. 'நாளைக்கு வாடிப்போற பொருளுக்குக் காசா?'ன்னு நீ கேட்டியாமே. பனிக்காலத்துல செடி பூக்காது, பொங்க சமயத்துல கிலோ ஆயிரக்கணக்குல போகும், தெரியும். மேலூர்ல இருக்குற எனக்கு மாட்டுத்தாவணிப் பூ விலைய நீ சொல்லித் தர வேணாம். ஆனா 2013லயே புவிசார் குறியீடு குடுத்து சர்க்காரு மதிச்ச பூவு மாப்ள, மதுரை மல்லி. நீ மதிக்க மாட்டேங்குற. அவளும் மறு பேச்சுப் பேசாம, கொல்லையில பூத்த கனகாம்பரத்தக் கட்டி வச்சுக்கிட்டா. வாசமில்லாத பூவு, செலவுமில்லாத பூவு. மறுநாளே நீ சலூனுக்குக் கெளம்பிட்ட.

முழிக்காத. ஒன் கணக்கு நோட்ட நான் பாத்துட்டேன். யாரு காட்டுனான்னு கேக்காத. மை, பூச்சுக்கூலி எல்லாத்தையும் 'மருத்துவச் செலவு'ன்னு எழுதியிருக்க. முப்பது வருசத்துக்கு மேல சங்கத்துக் கணக்குல ஒரு அடித்தல் திருத்தல் இல்லாம எழுதுன கையி, மீசைக்குன்னு வந்ததும் என்னமா வளையுது! அவளையும் லேசுல எடைபோடாத. கடுகு டப்பாவுக்குள்ள ஒரு வாசனைப் பவுடரு இருக்கு. நான் சொன்னதாக் காட்டிக்காத. அத வாங்குன காசு எந்தத் தலைப்புல போச்சுன்னு நோட்டப் பாத்தா ஒனக்கும் வெளங்காது. ஒன்கிட்டப் படிச்சவ.

வெலை கூடுன நாள்லதான் வாங்கணும்னு நான் சொல்லல. சித்திர வைகாசியில பூ கொட்டும், வெலை படுத்துரும். பொழுது சாஞ்சு மொட்டு விரிய ஆரம்பிச்சா, மிஞ்சுனத வித்துட்டுப் போகத்தான் பூக்காரி பாப்பா. முழங்கிறது அவ கை நீளந்தான், அதனால நெட்டையா இருக்குறவ கடையாப் பாத்து நில்லு. இம்புட்டு வழி சொல்லியும் ஒனக்கு மனசு வரலைன்னா, மை வாங்குற மாசத்துல மட்டும் வாங்கு.

சரி, கெளம்பு, பஸ்ஸு வந்துரும். மாட்டுத்தாவணியில எறங்குனதும் நேரா வீட்டுக்கு ஓடாத, பூக்கடைப் பக்கம் எட்டிப் பாத்துட்டுப் போ. நோட்டுல எந்தத் தலைப்புன்னு ரோசிக்கிறியா? அதையும் மருத்துவச் செலவுன்னே எழுதிக்க. பூக்காரிகிட்ட மட்டும் பில்லு கேட்டு மானத்த வாங்காத.