இரண்டு சுரம் உங்களுடையது

மேலைநாட்டுக் கைமணிக் குழுக்களைப் பற்றி வந்த கேள்விகளுக்கு மட்டும் இந்த இதழில் பதில்.

கே: பூஜையில் அடிக்கும் கைமணியும் இந்தக் குழுக்கள் வாசிக்கும் கைமணியும் ஒன்றுதானா?
– வாசகி, கும்பகோணம்

ப: உலோகத்தில் உறவு, வேலையில் வேறு. இசைக் கைமணி வெண்கலம்; பூஜை மணி வெண்கலமாகவும் இருக்கும், பித்தளையாகவும் இருக்கும். பூஜை மணியின் நாக்கு எந்தப் பக்கமும் ஆடும்; கை அசையும்வரை ஒலித்துக்கொண்டே இருக்கும். பூஜைக்கு வேண்டியதும் அதுதான். இசைக் கைமணியின் நாக்கைக் கீலில் பொருத்தியிருக்கிறார்கள். முன்னும் பின்னுமாக ஒரே கோட்டில்தான் அது நகரும். அடித்த மறுகணமே சிறு வில் ஒன்று அதை உலோகத்தைவிட்டு விலக்கிவிடும். ஆகவே ஒரு வீச்சுக்கு ஒரே ஒலி. மணியின் விளிம்பைத் தோளில் சாய்த்தால் நாதம் அடங்கிவிடும். சுரம் எங்கே தொடங்க வேண்டும், எங்கே முடிய வேண்டும் என்பது இப்படி மனிதர் கைக்கு வந்த பிறகுதான் மணி இசைக்கருவியானது.

கே: ஆளுக்கு இரண்டு மணி என்கிறார்கள். இரண்டே சுரத்தை வைத்துக்கொண்டு என்ன வாசிக்க முடியும்?
– கல்லூரி மாணவர், மதுரை

ப: தனியாக ஒன்றும் முடியாது. பத்துப் பேர் சேர்ந்தால் எதையும் வாசிக்க முடியும். மூன்று ஸ்தாயிக்கு 37 மணிகள், வாசிக்கச் சுமார் 11 பேர். ஐந்து ஸ்தாயிக்கு 61 மணிகள். பியானோவின் கட்டைகளைக் கழற்றி ஆளுக்கு இரண்டாகப் பகிர்ந்துகொண்டது மாதிரி. பாட்டு ஓடிக்கொண்டிருக்கும், உங்கள் சுரம் வரும் நொடியில் உங்கள் கை எழ வேண்டும். மற்ற நேரமெல்லாம் மனத்துக்குள் தாளம் எண்ணிக்கொண்டே நிற்க வேண்டும். உங்கள் இரண்டு சுரங்களுக்கு அக்கம்பக்கத்து அரைச்சுரங்களும் பெரும்பாலும் உங்கள் பொறுப்புதான். ஒரு மணியை மேசையில் வைத்து இன்னொன்றை எடுப்பதற்குள் தாளம் நகர்ந்துவிடக் கூடாது. தேர்ந்தவர்கள் ஒரு கைக்கு இரண்டாக நான்கு மணிகளைப் பிடித்து, நான்கையும் தனித்தனியாக ஒலிக்கச் செய்வார்கள்.

கே: ஒருவர் லீவு போட்டுவிட்டால்?
– வங்கி ஊழியர், சேலம்

ப: பாட்டில் ஓட்டை விழும். பாடகர் குழுவில் ஒருவர் வராவிட்டால் பக்கத்தில் நிற்பவரின் குரல் அதை மூடிவிடும். இங்கே மத்திமக்காரர் வரவில்லையென்றால் பாட்டு முழுக்க மத்திமம் கிடையாது. அதனால்தான் அனுபவமுள்ள குழுக்கள் மாற்று ஆட்களைத் தயாராக வைத்திருக்கின்றன. அதுவும் இல்லாதபோது இரண்டு பக்கத்துக்காரர்களும் ஆளுக்கொரு மணியைக் கூடுதலாகச் சுமப்பார்கள். கூட்டத்தோடு கூட்டமாக ஒளிந்து நிற்க இதில் யாருக்கும் இடமில்லை. வேலை மிகச் சிறியது, ஆனால் அதை வேறொருவர் செய்ய முடியாது. இந்த இசையில் என்னை மிகவும் கவர்ந்தது இதுதான்.

கே: இதை யார், எதற்காகத் தொடங்கினார்கள்?
– ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், தஞ்சாவூர்

ப: தேவாலயக் கோபுரங்களில் கயிறு இழுத்துப் பெரிய மணிகளை ஒலித்த ஆங்கிலேயர்கள், பழகிப் பார்ப்பதற்காகத் தொடங்கினார்கள். இங்கிலாந்தின் கோபுர மணிகள் சக்கரத்தில் ஏற்றப்பட்டவை. அவற்றைப் பாட்டாக வாசிப்பதில்லை; ஒவ்வொரு சுற்றிலும் வரிசையை மாற்றி மாற்றி ஒலிப்பார்கள். 1668இலேயே இந்தக் கலைக்கு ‘டின்டினலோஜியா’ என்ற நூல் அச்சாகிவிட்டது. சிக்கலான வரிசைகளைக் குளிரடிக்கும் கோபுரத்தில், ஊர் முழுக்கக் கேட்கும்படி தப்பும் தவறுமாகப் பழக யாருக்குத்தான் மனம் வரும்? வெதுவெதுப்பான அறைக்குள் உட்கார்ந்து பழகச் சின்ன மணிகள் தேவைப்பட்டன. வில்ட்ஷயரில் ஆல்ட்போர்ன் என்ற ஊரில் ராபர்ட் கோர், வில்லியம் கோர் என்ற சகோதரர்கள், 17ஆம் நூற்றாண்டின் கடைசியிலும் 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலும், சுரம் சேர்த்த கைமணிகளை வார்த்தார்கள். பழகுவதற்கு வந்த மணிகளில் மெட்டும் வாசிக்கலாம் என்று தெரிந்ததும் அவற்றுக்குத் தனி வாழ்வு பிறந்தது.

கே: வரிசை மாற்றி ஒலிப்பது என்றால் அது கணக்கா, இசையா?
– கணித ஆசிரியை, பாளையங்கோட்டை

ப: காதில் விழும் கணக்கு. ஆறு மணிகளை 720 விதமாக வரிசைப்படுத்தலாம், ஏழு மணிகளை 5,040 விதமாக. ‘பீல்’ என்று பெயர் வாங்க, குறைந்தது 5,000 வரிசைகளை நிறுத்தாமல் ஒலிக்க வேண்டும். கையில் தாள் கிடையாது, எல்லாம் மனப்பாடம். கைமணியில் ஒருவர் இரண்டு மணிகளை வைத்திருப்பதால், ஒரே நேரத்தில் இரண்டு வெவ்வேறு பாதைகளை மனத்தில் ஓட்ட வேண்டும். ஒருமுறை இங்கிலாந்தில் மூன்று பேர் ஆறு மணிகளோடு உட்கார்ந்து, இடைவெளியின்றி 72,000 வரிசைகளை ஒலித்து முடித்தார்கள். நூறு வெவ்வேறு முறைகள், ஒவ்வொன்றிலும் முழு 720. இருபத்து நான்கு மணி நேரத்துக்கும் மேல் ஆனது. உங்கள் வகுப்பில் வரிசைமாற்றம் நடத்தும் அன்று இதைச் சொல்லுங்கள் டீச்சர். பிள்ளைகள் நிமிர்ந்து உட்காருவார்கள்.

கே: சுவிட்சர்லாந்து மணிக்காரர்கள் என்று ஒரு பழைய விளம்பரப் படம் பார்த்தேன். இது சுவிஸ் கலை இல்லையா?
– வாசகர், கொழும்பு

ப: அதற்குப் பொறுப்பு பி. டி. பார்னம். 1840களில் இங்கிலாந்தின் லங்காஷயர் குழு ஒன்றை அமெரிக்காவுக்கு அழைத்துப்போனார் அந்தக் காட்சி வியாபாரி. மீசை வளர்க்கச் சொல்லி, வண்ண உடை மாட்டி, சுவிஸ் மணிக்காரர்கள் என்று விளம்பரம் செய்தார். எங்கள் பேச்சு காட்டிக்கொடுத்துவிடுமே என்று அவர்கள் தயங்கினார்களாம். இதே லங்காஷயர் பேச்சைப் பேசுங்கள், எந்த அமெரிக்கனுக்கும் புரியாது, சுவிஸ் என்றே நம்பிவிடுவான் என்று தைரியம் சொன்னதாகத் தன் சுயசரிதையில் அவரே எழுதியிருக்கிறார். உடைதான் வேஷம், வாசிப்பு அசல். அமெரிக்கக் கூட்டம் அந்த வாசிப்புக்குத்தான் மயங்கியது.

கே: அமெரிக்காவில் அது நிலைத்தது எப்படி?
– வாசகி, கோயம்புத்தூர்

ப: ஒரு பெண்ணின் பிடிவாதத்தால். பாஸ்டனைச் சேர்ந்த மார்கரெட் ஷர்க்ளிஃப், இளம் வயதில், 1902இல், இங்கிலாந்து போய்க் கோபுர மணிகளில் முழு பீல் ஒலித்தார். அப்படிச் செய்த முதல் அமெரிக்கப் பெண் அவர்தான். திரும்பும்போது வைட்சேப்பல் மணிப் பட்டறையின் கைமணிகள் பரிசாகக் கிடைத்தன. பெற்றோர், பிள்ளைகள், நண்பர்கள் என்று குழு சேர்ந்தது. கிறிஸ்துமஸ் முன்னிரவுகளில் பீக்கன் ஹில் தெருக்களில் மணி ஒலித்தது. 1937இல் நியூ இங்கிலாந்து வட்டாரச் சங்கம், 1954இல் நாடு முழுமைக்குமான சங்கம். அந்தச் சங்கத்தின் இன்றைய பெயர் ‘ஹேண்ட்பெல் மியூசிஷியன்ஸ் ஆஃப் அமெரிக்கா’. வீட்டுக் கூடத்தில் தொடங்கியது அரை நூற்றாண்டில் நாடு தழுவியதாகிவிட்டது.

கே: வட்டாரக் கூடல்கள் நடத்துகிறார்களாமே. அங்கே என்னதான் செய்வார்கள்?
– இசை ஆசிரியர், நாகர்கோவில்

ப: தனித்தனிக் குழுக்களாக வந்து, சாயங்காலத்துக்குள் ஒரே குழுவாகிவிடுவார்கள். பிரிட்டனின் சங்கம் 1967இல் தோன்றியது. நாட்டை வட்டாரங்களாகப் பிரித்து அந்தந்த வட்டாரத்தில் ‘ரேலி’ நடத்துகிறது. அமெரிக்கச் சங்கமும் வட்டார விழாக்களை நடத்துகிறது. முறை ஏறக்குறைய ஒன்றுதான். எல்லாரும் சேர்ந்து வாசிக்க வேண்டிய பாடல்கள் பல மாதங்களுக்கு முன்பே அறிவிக்கப்படும். ஒவ்வொரு குழுவும் தன் ஊரில் பழகும். குறித்த நாளில் பள்ளி அரங்குக்கோ விளையாட்டுக் கூடத்துக்கோ மணிப்பெட்டிகளோடு வந்து இறங்குவார்கள். மேசை விரித்து, மேலே பஞ்சு மெத்தை போட்டு, துணி மூடி, மணிகளை வரிசையாக அடுக்குவதற்கே ஒரு காலைப்பொழுது ஆகும்.

பிறகு பொது ஒத்திகை. நடுநடுவே பயிலரங்குகள்: மெத்தையில் மணியைத் தட்டுவது, நாக்கை விரலால் சுண்டுவது, குச்சியால் அடிப்பது, கையைக் கீழே வீசி நாதத்தை அலையவிடுவது. குழுக்கள் ஒன்றுக்கொன்று வாசித்துக் காட்டும். முடிவில் ஊராருக்கான கச்சேரி. சில அமெரிக்க விழாக்களில் புதியவர்களின் தொகுதிக்கு ‘டின்’ என்றும் தேர்ந்தவர்களின் தொகுதிக்கு ‘காப்பர்’ என்றும் பெயர் வைப்பார்கள். மணி வார்க்கும் வெண்கலம் ஏறக்குறைய நான்கு பங்கு தாமிரமும் ஒரு பங்கு வெள்ளீயமும் கலந்தது. இரண்டும் சேராமல் மணி இல்லை. பெயர் வைத்தவருக்கு ஒரு வணக்கம்.

கே: நூற்றுக்கணக்கானவர் ஒரே கூடத்தில் வாசித்தால் சத்தம்தானே மிஞ்சும்?
– அதே ஆசிரியர்

ப: காதை நம்பினால் சத்தம், கண்ணை நம்பினால் இசை. ஒலி 34 மீட்டர் கடக்க நொடியில் பத்தில் ஒரு பங்கு ஆகிறது. கூடத்தின் கோடியில் நிற்பவர் முன்வரிசையைக் கேட்டு வாசித்தால், அவர் சுரம் அந்த அளவு பிந்திவிடும். மணியோசை கூர்மையாகத் தொடங்குவதால் அந்தச் சிறு பிசகும் பளிச்சென்று தெரியும். ஆகவே எல்லாக் கண்களும் மேடையில் நிற்பவரின் கைக்கோல்மீது இருக்கும். பக்கத்து ஊர்க்காரர் பெயர்கூடத் தெரியாது. அவருடைய பஞ்சமமும் உங்கள் ஷட்ஜமும் ஒரே கணத்தில் விழும். வட்டாரக் கூடலில் கிடைக்கும் பரவசம் அது. தன் ஊர் அரங்கில் எட்டுப் பேரோடு மட்டும் வாசித்துப் பழகியவருக்கு அது வேறெங்கும் கிடைக்காது.

கே: போட்டி உண்டா? பரிசு உண்டா?
– விளையாட்டு வீரர், ஈரோடு

ப: முன்பு அனல் பறந்தது. மான்செஸ்டரின் பெல் வியூ தோட்டத்தில் 1855 முதல் கைமணிப் போட்டிகள் நடந்தன. லங்காஷயர், யார்க்ஷயர் ஆலை ஊர்களிலிருந்து குழுக்கள் வரும். பெரிய ஆர்கெஸ்ட்ராவுக்கு எழுதிய இசையைக் கைமணிக்கு மாற்றி வாசிக்கும். இன்றைய கூடல்களில் பெரும்பாலும் பரிசு இல்லை. எனக்கு இதுவே பிடித்திருக்கிறது. தோற்றுப்போன குழு வீட்டுக்குப் போய்விடும். சேர்ந்து வாசித்த குழு அடுத்த ஆண்டும் வரும்.

கே: இதில் நம் ராகங்களை வாசிக்கலாமா?
– சங்கீத ரசிகை, மயிலாப்பூர்

ப: கமகம் வேண்டிய ராகத்தை இந்த மணியிடம் கேட்காதீர்கள். ஒரு மணிக்கு ஒரு சுரம், அது வளையாது. தோடியை வாசித்தால் தோடிக்கும் வலிக்கும், மணிக்கும் வலிக்கும். ஆனால் முத்துசுவாமி தீட்சிதரின் நோட்டுஸ்வரங்கள் இருக்கின்றன. மேலைநாட்டு மெட்டுகளைக் கேட்டுச் சங்கராபரண சுரங்களில், கமகமின்றி அமைத்தவை. அவை இந்த மணிகளுக்கு அப்படியே பொருந்தும். இன்னொரு செய்தி உங்கள் காதுக்கு இனிக்கும்: ஆங்கில முறைக் கைமணியில் ஆதார சுரத்தோடு மேல் ஸ்தாயிப் பஞ்சமமும் சேர்ந்து ஒலிக்கும்படி சுருதி கூட்டுகிறார்கள். ஒரு மணியை அடித்து, நாதம் அடங்கும்வரை கேளுங்கள். அந்தப் பஞ்சமம் பிடிபடும்.

கே: கையுறை எதற்கு? அழகுக்கா?
– மாணவி, திருச்சி

ப: வியர்வைக்கு. விரல்பட்ட இடத்தில் வெண்கலம் கறுத்துவிடும்.

கே: தேவாலயத்துக்கு வெளியே இதற்கு வாழ்வு இருக்கிறதா?
– வாசகர், புதுச்சேரி

ப: நன்றாகவே இருக்கிறது. வட கரோலினாவின் ராலி ரிங்கர்ஸ் 1990இல் தொடங்கிய கச்சேரிக் குழு. ராக் பாடல்கள்வரை வாசிக்கிறார்கள். ஜப்பானிலும் கொரியாவிலும் பள்ளி, கல்லூரிக் குழுக்கள் ஏராளம். பல நாட்டுக் குழுக்கள் கூடும் உலகச் சந்திப்பு இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை நடப்பது வழக்கம். 2012இல் லிவர்பூல், 2014இல் ஜேஜு, 2016இல் வான்கூவர், 2018இல் ஆஸ்திரேலியாவின் கெய்ர்ன்ஸ் என்று ஊர் மாறிக்கொண்டே போயிருக்கிறது. மொழி தெரியாதவர்கள் நடுவே நின்று வாசிக்கலாம். தாளில் உள்ள சுரம் எல்லாருக்கும் ஒன்றுதானே.

கே: தனி ஒருவர் வாசிப்பதே கிடையாதா?
– இளைஞர், வேலூர்

ப: உண்டு. நீளமான மேசையில் முப்பது நாற்பது மணிகளைப் பரப்பி, பியானோ துணையோடு, நடந்து நடந்து வாசிக்கும் தனிக் கலைஞர்கள் இருக்கிறார்கள். பார்க்க நடனம் போல இருக்கும். ஆனால் அவர்களில் பலரும் குழுவில் இரண்டு மணியோடு நின்று தாளம் கற்றவர்களே. அந்தப் படியைத் தாண்டிக் குதிக்க முடியாது.

கே: நியூ ஜெர்ஸியில் மகள் வீட்டுக்கு வந்திருக்கிறேன். வயது 61. பக்கத்துத் தேவாலயத்தின் மணிக்குழுவில் சேரச் சொல்லி அழைக்கிறார்கள். ஸ்டாஃப் நொட்டேஷன் ஒரு எழுத்துகூடத் தெரியாது. போகலாமா?
– ஒரு பாட்டி

ப: இந்த வாரமே போங்கள் அம்மா. நீங்கள் முழு நொட்டேஷனையும் படிக்க வேண்டியதில்லை. உங்கள் இரண்டு சுரங்கள் எந்தக் கோட்டில் உட்கார்ந்திருக்கின்றன என்று தெரிந்தால் போதும். வலக்கைச் சுரத்துக்கு ஒரு நிறம், இடக்கைச் சுரத்துக்கு இன்னொரு நிறம் என்று பென்சிலால் வட்டமிட்டுக்கொள்ளுங்கள்; அங்கே பலரும் அப்படித்தான் தொடங்குகிறார்கள். எடை குறைந்த, நடுத்தர மணிகளைக் கேட்டு வாங்குங்கள். கீழ்ஸ்தாயி மணிகள் பல கிலோ கனக்கும். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு என்று விடாமல் எண்ணுங்கள். சுரம் தப்பினால் அதைத் துரத்தாதீர்கள், அடுத்ததைப் பிடியுங்கள். மரியாதைக்காகக் கூப்பிடுகிறார்களோ என்ற தயக்கம் மட்டும் வேண்டாம். இரண்டு கை குறைந்தால் அவர்கள் பாட்டில் இரண்டு சுரம் குறையும். அந்த இரண்டு சுரத்துக்குத்தான் உங்களைத் தேடி வந்திருக்கிறார்கள்.