பெரியப்பா, ஸ்பூனைக் கொடுங்கள்!

கிழக்குக் கடற்கரைச் சாலையில் கடலைப் பார்த்துக் கால் நீட்டிப் படுத்திருக்கும் நட்சத்திர விடுதியின் பொது மேலாளர் அவர்களுக்கு, அணுபுரத்திலிருந்து பயிற்சி மாணவி எழுதும் பணிவான விண்ணப்பம்.

சேர்ந்த அன்றே சொன்னீர்கள்: "இங்கே முதலாளியும் இல்லை, தொழிலாளியும் இல்லை. நாம் எல்லாரும் ஒரே குடும்பம்." அன்று முதல் மனசுக்குள் நீங்கள் எனக்குப் பெரியப்பா. எச்.ஆர். மேடம் சித்தி. எக்ஸிகியூட்டிவ் செஃப், கோபக்காரத் தாய்மாமன்.

நேற்று ராத்திரி, புல்வெளி ரிசப்ஷன் முடிந்து கிளம்பினேன். ஸ்டாஃப் கேட்டில் செக்யூரிட்டி தாத்தா என் பையைக் கவிழ்த்தார். டிபன் பாக்ஸோடு ஓர் எவர்சில்வர் ஸ்பூனும் விழுந்தது. பேன்க்வெட் கணக்கில் ஸ்பூன் குறைந்திருந்த நேரம். காம்பில் பாட்டியின் பேர் வெட்டியிருப்பதைக் காட்டினேன். "இந்தப் பேர்ல நமக்கு சப்ளையர் யாராவது உண்டா?" என்று சித்தி விசாரித்தார். ஸ்பூன் உள்ளே போயிற்று. விளக்கக் கடிதம் எழுதி வாங்கிக்கொண்டுதான் என்னை வெளியே விட்டார்கள். கடைசி பஸ் போய்விட்டதால் அப்பா பைக்கில் வந்து கூட்டிப்போனார்.

வருத்தமில்லை பெரியப்பா. கூட்டுக் குடும்பத்தில் எது யாருடையது என்று சண்டை வரும் என்பதால்தானே பாத்திரத்தில் பேரே வெட்டுகிறோம்?

ஃபிரண்ட் ஆபீஸ், ஹவுஸ்கீப்பிங், கிச்சன், சர்வீஸ் என்று நாலு துறையும் பழகத்தான் இண்டஸ்ட்ரியல் ட்ரெய்னிங் என்றது கல்லூரி. பெஷமல், வெலூட்டே, எஸ்பான்யோல், ஹாலண்டேஸ், தக்காளி என்று பிரெஞ்சுச் சமையலின் ஐந்து தாய் சாஸ்களையும், அவை பெற்ற பிள்ளை சாஸ்களையும் வம்சாவளியோடு ஒப்பித்துத் தேறியவள் நான். இங்கே ஒரு தாயும் கண்ணில் படவில்லை. தாய்மாமன் காட்டியது வெங்காய மூட்டையை. அது தீர்ந்தால் வெந்நீரில் வினிகர் விட்டுக் கட்லரி துடைப்பு. ஃபிரண்ட் ஆபீஸைப் பார்த்தது, வாடிய பூங்கொத்தை எடுக்கப் போனபோதுதான்.

துணிக்கடை, நகைக்கடை போன்ற கடைகளின் ஊழியர்கள் உட்கார இருக்கை தர வேண்டும் என்று 2021-இல் தமிழ்நாடு சட்டத்தைத் திருத்தியது. உணவு விடுதிகளுக்கென்று 1958-லேயே தனிச் சட்டம் வந்துவிட்டது. இங்கே எங்களுக்கு உட்கார நாற்காலி இல்லை. இருக்கட்டும், குடும்பத்துக்குள் சட்டம் எதற்கு? பிரேக் ஷிப்டில் வீட்டுக்குப் போய்வர நேரம் போதாதபோது லாக்கர் ரூம் தரை இருக்கவே இருக்கிறது.

திருக்கழுக்குன்றத்தில் கழுகுக்கே உச்சிவேளையில் சர்க்கரைப் பொங்கல் வைத்து உபசரித்த வட்டாரம் எங்களுடையது. நம் குடும்பத்தில் பிள்ளைகளுக்கு மதியச் சாப்பாடு நாலு மணிக்கு. கேன்டீனில் அப்போது மிஞ்சியிருப்பது ரசம்.

நேற்று ரிசப்ஷனில் மீந்த பிரியாணியை என் கையாலேயே குப்பையில் கொட்டவைத்தீர்கள். அதில் ஒரு வாய் தின்றால் திருட்டு. அறையிலிருந்து குளியல் துண்டைச் சுருட்டிக்கொண்டு போகிற விருந்தாளியைக் கேட்க உங்களுக்கு வாய் வராது. என் பையை மட்டும் எல்லார் முன்னாலும் கொட்டுவீர்கள். ஸ்டைபெண்ட் என்று நீங்கள் தருவது பஸ்ஸுக்கே போதவில்லை. வேலைக்கு ஆள் எடுக்காமல், கல்லூரிப் பிள்ளைகளை வைத்தே சீசனை ஓட்டுகிறீர்கள். இது பயிற்சி இல்லை, சுரண்டல். நான் திருடி இல்லை.

குரல் கொஞ்சம் உயர்ந்துவிட்டது பெரியப்பா. குடும்பம் என்றால் நாலு வார்த்தை வரத்தான் செய்யும். 2022 செஸ் ஒலிம்பியாடில் 180-க்கும் மேற்பட்ட நாட்டுக்காரர்களை உபசரித்த மாமல்லபுரம் அல்லவா இது? தங்களைப் போன்ற பெரியவர்கள் இருப்பதால்தான் இந்தக் கரைக்கே பெருமை. குடும்பம் என்று ஆனபின் பாகப்பிரிவினையும் உண்டுதானே? கடல் பார்த்த சூட் எனக்கு வேண்டாம். மாதச் செலவுக்குக் கட்டுப்படியாகும் ஸ்டைபெண்ட், உட்கார ஒரு நாற்காலி, வேளைக்குச் சாப்பாடு, இரவில் வீடுவரை வண்டி, பாட்டியின் ஸ்பூன். என் பங்கு இவ்வளவுதான்.

இப்படிக்கு,
தங்கள் குடும்பத்தின் கடைக்குட்டி,
அணுபுரம்.

பி.கு.: பிளஸ் டூ பிள்ளைகளை ஹோட்டல் மேனேஜ்மென்ட்டில் சேர்க்கப் போகும் பெற்றோருக்கு: கல்லூரியில் கட்டணத்தை மட்டும் கேட்டுவிட்டு வராதீர்கள். பயிற்சிக்கு எந்த விடுதி, ஸ்டைபெண்ட் எவ்வளவு, தினம் எத்தனை மணி நேரம், நாலு துறையும் உண்டா, இரவில் பிள்ளை எப்படி வீடு திரும்புவது என்று கேளுங்கள். பதிலை எழுத்தில் வாங்குங்கள். தர மறுத்தால் வேறு கல்லூரி பாருங்கள்.